பவர் பேங்கிற்குள் மணல்: எடையை நம்பி வாங்கலாமா?

கேள்வி:
வணக்கம். 20,000 எம்ஏஎச் என்று அச்சிட்ட பவர் பேங்க் ஒன்றை நடைபாதைக் கடையில் வாங்கினேன். கையில் எடுத்தபோது கனமாக இருந்ததால் நல்ல பொருள் என்று நம்பிவிட்டேன். ஆனால் 5,000 எம்ஏஎச் பேட்டரி உள்ள என் கைப்பேசியை அது ஒரு முறைகூட முழுதாக ஏற்றவில்லை. மூடியைக் கழற்றினால் மூன்று உருளை செல்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் மட்டுமே கம்பி பற்றவைக்கப்பட்டிருந்தது, மற்ற இரண்டின் உறையைக் கீறியதும் மேசைமேல் பொடிமணல் கொட்டியது. உடைக்காமலேயே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

மறுமொழி 1:
பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பதால் இத்தகைய மோசடியைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது. நீங்கள் பார்த்தவை 18650 என்னும் அளவுள்ளவை என்றால், பொதுவாகக் கிடைப்பவற்றில் மிகச் சிறந்ததுகூட ஏறத்தாழ 3,500 எம்ஏஎச் தான். ஆகவே மூன்றுமே நிஜமாக இருந்திருந்தாலும் 10,500-ஐத் தாண்டியிருக்காது. 10,000 எம்ஏஎச் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 37 வாட் மணி ஆற்றல். அதற்கு வேண்டிய செல்களும் வெளிப்பெட்டியும் சேர்ந்தால் சுமார் 200 கிராம் வரும். அதைவிட மிகவும் இலேசாக இருந்தால் சந்தேகப்படலாம். கனமாக இருக்கிறது என்பது மட்டும் எதற்கும் சான்றாகாது, மணலை அடைப்பதே அதற்காகத்தான். வெளிப்புற ஹார்டு டிஸ்க் பெட்டிக்குள் சின்னப் பென் டிரைவையும் இரண்டு இரும்பு நட்டுகளையும் ஒட்டி விற்றதும் இதே வகைதான். ஒன்று சொல்ல வேண்டும்: செல்லின் உறையை இனி ஒருபோதும் கீறாதீர்கள், நிஜ செல்லாக இருந்தால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பற்றலாம்.

மறுமொழி 2:
உள்ளே எடை வைப்பதெல்லாம் ஏமாற்று அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். தொலைபேசியின் அடிப்பாகத்தில் இரும்புத் தகடு வைப்பது, ரிசீவரை எடுக்கும்போது அது மேசையில் வழுக்கி வராமல் இருப்பதற்காக. 2015-இல் அமெரிக்காவில் ஒருவர் பீட்ஸ் ஹெட்ஃபோனைப் பிரித்து, அதன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நான்கு உலோகத் துண்டுகளால் வருகிறது என்று எழுதினார். அவர் பிரித்தது போலிப் பொருள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

மறுமொழி 3:
பின்புறத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் இட்டால் எந்த நிறுவனத்துக்கு உரியது என்று தெரியும். வாங்கிய பிறகு, வெளிவரும் மின்சாரத்தை அளக்கும் யுஎஸ்பி மீட்டரில் அளந்து பாருங்கள். செல்லின் 3.7 வோல்ட்டை 5 வோல்ட்டாக உயர்த்தித் தருவதால் எம்ஏஎச் எண் குறையும், ஆனாலும் நேர்மையான 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5 வோல்ட்டில் 6,000-க்கு மேல் தர வேண்டும்.

கேட்டவர்:
அனைவருக்கும் மிக்க நன்றி. நகை எடைபோடும் சிறு தராசில் வைத்துப் பார்த்தேன்: நிஜ செல் 44 கிராம், மணல் நிரப்பியதில் கொட்டியதையும் திரட்டிச் சேர்த்து நிறுத்தபோது 34 கிராம். இந்தப் பத்து கிராம் வேறுபாடு கைக்குத் தெரியவே இல்லை. பின்புறத்தில் பதிவெண் எதுவும் அச்சிடப்படவில்லை.