புதுப்பிப்பு: ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருளில் நானே பூட்டிய மடல் எனக்கே திறக்காத விவகாரம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நண்பனுக்குப் பூட்டி அனுப்பிய மடலை நான் திறந்தால், கடவுச்சொல்கூடக் கேட்காமல் 'ரகசியச் சாவி இல்லை' என்கிறது என்று கேட்டிருந்தேன்.

சாவியைப் புதிதாக உருவாக்கிப் பார்த்தேன், வீண் வேலை. 'உன் பொதுச்சாவிக்கும் சேர்த்துப் பூட்டு' என்றவர் சொன்னதுதான் சரி. பொதுச்சாவி பூட்டும், அதன் ஜோடியான ரகசியச் சாவிதான் திறக்கும்; நான் நண்பனின் பொதுச்சாவியால் மட்டும் பூட்டியிருந்தேன். ஜிபிஜி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் என்கிரிப்ட்-டு என்று எழுதி, பக்கத்தில் என் சாவியின் 40 எழுத்துக் கைரேகையை (சாவியின் அடையாளக் குறியீட்டை) ஒட்டினேன். அடுத்த மடல் இருவருக்கும் திறந்தது.

கோப்பு இரு மடங்காகும் என்று பயந்தேன். இல்லை, சில நூறு பைட்தான் கூடியது. மடலைப் பூட்டுவது ஒரே அமர்வுச்சாவி, அதாவது அந்த மடலுக்கென்றே உருவாகும் தற்காலிகச் சாவி. அதை மட்டும்தான் ஆளுக்கொரு முறை பூட்டுகிறதாம்.

ஏற்கெனவே நண்பனுக்கு மட்டும் பூட்டிய பழைய 3 மடல்கள் எனக்குத் திறக்காது. அப்புறம் நண்பனே அவற்றைத் திறந்து, என் பொதுச்சாவியால் பூட்டித் திருப்பி அனுப்பினான்.