கிராமப்புற முகாமும் சுற்றியுள்ள சிற்றூர்களும்

கேள்வி: ஆற்றங்கரையில் 40 பேருக்குப் பத்து நாள் முகாம் அமைக்கவிருக்கிறோம். பொருள்களைக் கொண்டுசெல்வதா, சுற்றியுள்ள மூன்று சிற்றூர்களில் வாங்குவதா?

மறுமொழி 1: அங்கேயே வாங்குங்கள், ஆனால் 40 பேருக்கான தேவை ஒரு சிறிய கடையை ஒரே காலையில் காலியாக்கிவிடும் என்பதால், முன்கூட்டியே சொல்லிவைத்து மூன்று ஊர்களுக்கும் பிரித்துக் கொடுங்கள்.

மறுமொழி 2: எனக்குத் தண்ணீர்தான் கவலை. பேரிடர் முகாம்களுக்கான ஸ்பியர் கையேடு ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. உங்கள் 40 பேருக்கு நாளொன்றுக்கு 600 லிட்டர் ஆகிறது. கழிப்பறைக் குழி நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளியிருக்கட்டும், ஏனெனில் கீழ்ப்பக்கத்து ஊரும் அதே ஆற்றைத்தான் நம்பியிருக்கும்.

மறுமொழி 3: மருத்துவமனை இரவில் திறந்திருக்குமா என்றும் நேரில் விசாரியுங்கள். எங்கள் முகாமில் ஒருவருக்குக் கால் பிசகியபோது மிக அருகிலிருந்த ஊருக்கு விரைந்தோம். கதவில் பூட்டுத் தொங்கியது.