புதுப்பிப்பு: கோப்ரைனஸ் பேரினம் ஏன் உடைந்தது?

முதிர்ந்ததும் கருப்பு மையாக உருகி வழியும் காளான்களுக்குப் பழைய கையேடுகளில் கோப்ரைனஸ் என்ற ஒரே பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுதி), புதியவற்றில் நான்கு. ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். விடை கிடைத்துவிட்டது.

டி.என்.ஏ.தான் காரணம். ரைபோசோம் மரபணுக்களை ஒப்பிட்டபோது, செதில் செதிலான வெள்ளைத் தொப்பி கொண்ட கோப்ரைனஸ் கோமாட்டஸ், கடையில் வாங்கும் பட்டன் காளானின் குடும்பத்தில் போய் நின்றது. மற்றவை பெரும்பாலும் சாதிரெல்லா என்ற வேறொரு காளான் பேரினத்தின் பக்கம். அப்படியானால் மையாக உருகும் குணம் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது! எவ்வளவு அழகான விஷயம்.

பேரினத்தின் மாதிரி இனம், அதாவது பேரினப் பெயர் யாரைச் சேரும் என்று தீர்மானிக்கும் இனம், கோமாட்டஸ் என்பதால் பெயர் அதனிடமே தங்கியது. 2001இல் பூஞ்சை ஆய்வாளர்கள் ரெட்ஹெட், வில்காலிஸ் குழுவினர் மற்றவற்றைக் கோப்ரினாப்சிஸ், கோப்ரினெல்லஸ், பாராசோலா என்று பிரித்தார்கள்.

சரி, கண்ணால் தெரியுமா? கோமாட்டஸின் தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம் இருக்கும். தண்டைப் பிளந்தால் உள்ளே மெல்லிய இழை ஒன்று ஓடும்.

அப்புறம், மதுவோடு சேர்ந்தால் உடம்பைப் புரட்டியெடுக்கும் கோப்ரின் என்ற வேதிப்பொருள் இருப்பது சாம்பல் நிற கோப்ரினாப்சிஸ் அட்ராமென்டேரியாவில். பழைய புத்தகங்களில் அதுவும் கோப்ரைனஸ் என்றே இருக்கும், கவனம்.