போக்கரில் 2 மணி நேரம் டைட்டா ஆடியும் பிளஃபுக்கு (வெறுங்கையில் போடும் பெட்டுக்கு) கால் (அதே பணத்தைப் போட்டு ஈடுகட்டுறது) வருது, ஏன்?

கடைசி_சீட்:
லாஸ் வேகாஸ், 1/3 டாலர் (கட்டாயப் பந்தயம் 1, 3 டாலர்) நோ லிமிட் ஹோல்டம் போக்கர், 9 பேர் டேபிள். முதல் 2 மணி நேரம் நல்ல கைக்கு மட்டும் பணம் போட்டு, 'இந்த ஆள் டைட்' என்று பேர் வாங்கிவிட்டு அப்புறம் ஒரு பெரிய பிளஃப். திட்டம் இதுதான். ஆனா ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) யாராவது ஒருத்தர் கால் பண்ணிடுறாங்க. டேபிள் இமேஜ் எல்லாம் இந்த ஸ்டேக்ஸில் (பந்தய அளவில்) எடுபடாதா?

மடக்கிப்போடு:
நேரடி டேபிளில் மணிக்குச் சுமார் 30 கை (ஆட்டச் சுற்று)தான். 2 மணி நேரத்துக்கு 60. அதில் 15 சதவீதம் ஆடினால் 9 கை. சீட்டைத் திறந்து காட்டுவது ஒன்றோ இரண்டோ. மடக்கின 51 கையை யார் எண்ணப் போறாங்க? பாதிப் பேர் போனில் இருக்காங்க. மனசில் நிற்பது திறந்த சீட்டும் கடைசிப் பெரிய பாட்டும் (நடுவில் சேர்ந்த பந்தயப் பணம்)தான். அதனால இமேஜ் என்பது ஆளுக்கு ஆள் வேற. நீங்க காட்டினதைப் பார்த்தவரிடம் மட்டும் பிளஃப் போடுங்க. எதையும் கால் பண்ணுறவரிடம் நல்ல கைக்குக் காசு வாங்குவதோடு சரி.

பட்டன்காரன்:
ஆள் சரியா இருந்தாலும் பெட் அளவு காட்டிக்கொடுக்கும். ஸ்டாக் (கையிருப்புச் சிப்ஸ்) 300 டாலர். பட்டனில் (ஃப்ளாப்புக்கு அப்புறம் கடைசியா ஆடுற இடம்) 8-7 இஸ்பேட், 15க்கு ரெய்ஸ் (பந்தயத்தை ஏத்துறது), பிக் பிளைண்ட் (3 டாலர் கட்டாயப் பந்தயம் போட்டவர்) மட்டும் கால். பாட் 31. ஃப்ளாப் (முதல் மூணு பொதுச் சீட்டு) ஆட்டின் கிங், இஸ்பேட் 6, டைமண்ட் 2. 20 பெட், கால், பாட் 71. டர்ன் (நாலாவது சீட்டு) இஸ்பேட் ஏஸ்: பயமுறுத்தும் சீட்டு, நமக்கும் ஃப்ளஷ் டிரா (இன்னொரு இஸ்பேட் வந்தால் அஞ்சும் ஒரே ஜாதி). 45 பெட், கால், பாட் 161. ரிவர் கிளாவர் 3, ஒன்றுமில்லை. இங்கே 105 போட்டால், 105-ஐ 266-ஆல் (161+105) வகுங்க: 100க்கு 40 தடவை அவர் ஃபோல்ட் பண்ணினாலே (மடக்கினாலே) நஷ்டமில்லை. (கேசினோ பாட்டில் எடுக்கும் பங்கான ரேக் கணக்கில் இல்லை.)

இதே டேபிளில் முன்னாடி ஏஸ்-கிங் வைத்துப் பாட்டில் மூணில் ரெண்டு பங்கு பெட் பண்ணியிருந்தால், பிளஃபும் அதே அளவில்தான் வரணும். பயத்தில் 60 போட்டாலும், அவசரத்தில் ஆல்-இன் (இருக்கிற சிப் எல்லாம்) போனாலும் கவனிக்கிறவர் பிடிச்சுடுவார். நேரமும் அப்படியே. நல்ல கைக்கு 5 விநாடி என்றால் வெறுங்கைக்கும் 5 விநாடி.

சிப்ஸ்_அடுக்கி:
இந்த ஸ்டேக்ஸில் டைட் இமேஜைவிட லூஸ் இமேஜுக்கே (எந்தக் கைக்கும் பணம் போடுறவர் என்ற பேருக்கே) பலன் ஜாஸ்தி என்பேன். சும்மாவே கால் பண்ணுற கூட்டத்திடம் கால் வாங்குவதுதானே சுலபம்? உட்கார்ந்த அரை மணிக்குள் 20 டாலர் பாட் ஒன்றில் பிளஃப் ஜெயித்தால் சீட்டை எல்லாருக்கும் காட்டுங்க. பக்கத்துச் சீட்காரருக்கு மட்டும் காட்டினாலும், மத்தவங்க கேட்டால் டீலர் எல்லாருக்கும் திறந்துவிடுவார். அதோடு பிளஃபை நிறுத்திட்டு, டாப் பேருக்கு (பொதுச் சீட்டில் பெரியதோடு ஜோடி) மேல் வந்தால் பெட்டைப் பெரிசாக்குங்க. காட்டின ருசியில் தொடர்ந்து லூஸா ஆடுறதுதான் இங்கே பலர் பண்ணுற தப்பு. நாலு பேர் எழுந்து போய்ப் புது ஆள் வந்தாச்சுன்னா பழைய இமேஜ் செல்லாது.

மடக்கிப்போடு:
ஒன்று சேர்த்துக்கறேன். ஏமாற்றுவது பெட்டில் மட்டும் இருக்கட்டும். முறை வருமுன் மடக்குற மாதிரி கையை அசைப்பது, பெரிய சிப்பைச் சின்ன அடுக்குக்குப் பின்னால் மறைப்பது, 'கால்' என்று முணுமுணுத்து எதிராளி சீட்டைத் திறந்ததும் இல்லை என்பது, இதெல்லாம் அழுகுணி ஆட்டம். உங்கள் முறையில் வாய்விட்டு 'கால்' சொன்னால் அது கால்தான், டீலர் பணத்தை வைக்கச் சொல்வார். டோர்னமென்டில் கை முடியுமுன் சீட்டு என்னன்னு சொன்னால், உண்மையோ பொய்யோ, பெனால்டி வரலாம்.