போர்நஹான் மாலையில் இருந்த எள்: குழந்தைக்கு அலர்ஜி வந்தவர்கள் எழுதுங்கள்

செம்பூர், ஒன்பது மாதப் பையனின் அம்மா:

மும்பையில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கராந்தி முதல் ரதசப்தமி வரை மராத்தி வீடுகளில் சின்னக் குழந்தைகளுக்குப் போர்நஹான் செய்வார்கள். கறுப்புத் துணி உடுத்தி, சர்க்கரை ஏற்றிய எள்ளில் செய்த மாலையும் காப்பும் போட்டு, இலந்தைப்பழத்தையும் பொரியையும் தலையில் கொட்டுவார்கள். எதிர்வீட்டு காக்கு (மராத்தி மாமியை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆசை ஆசையாக எங்கள் பையனுக்கும் செய்தார். அவன் மாலையைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருந்தான்.

பாட்டு முடிவதற்குள் வாயைச் சுற்றிச் சிவந்துவிட்டது. அப்புறம் வயிறு, முதுகெல்லாம் கொசு கடித்த மாதிரித் தடிப்பு. "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடலாம்" என்றார் மாமியார். அதற்குள் குடித்த பாலையெல்லாம் கக்கினான். மறுபடியும் வாந்தி. பிறகு முகம் வெளுத்து, துணி மாதிரித் துவண்டுபோனான். எந்நேரமும் துள்ளுகிற பிள்ளை அப்படிக் கிடந்ததைப் பார்த்ததும் வேறெதையும் யோசிக்கவில்லை. மூன்று தெரு தள்ளி ஆஸ்பத்திரி. காக்குவின் மகன் ஆட்டோவை நிறுத்த, மடியில் படுக்க வைத்தபடியே கொண்டுபோனோம். தூரமாக இருந்தால் 108-ஐத்தான் கூப்பிட்டிருப்போம்.

அவசரப் பிரிவு டாக்டர் இரண்டே கேள்வி கேட்டார்: என்ன சாப்பிட்டான், எப்போது? உடனே தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் ஊசி. எடைக்குத் தகுந்த அளவு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். சிறிது நேரத்தில் முகத்தில் ரத்தம் ஓடியது, வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

தோலில் தடிப்பு மட்டும் என்றால் பதறாமல் கவனிக்கலாமாம். அதோடு வாந்தியோ, இருமலோ, இளைப்போ, துவளலோ சேர்ந்தால் அனபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான கடும் அலர்ஜி, என்றே எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்றார் டாக்டர். அலர்ஜிக்குக் கொடுக்கிற செட்டிரிசின் சொட்டு மருந்து அரிப்பைத்தான் குறைக்கும். மூச்சுக்குழாய் வீக்கத்தையோ ரத்த அழுத்தம் இறங்குவதையோ நிறுத்தாது. இதை நான் பார்க்கிற அம்மாக்களிடமெல்லாம் சொல்கிறேன். வீட்டில் சிரப் ஊற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள். துவண்ட குழந்தையை நிமிர்த்தித் தோளில் போடவும் வேண்டாம், படுக்க வைத்தே கொண்டுபோங்கள். சரியான பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால் அன்றிரவு அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

முதல்முறை எள் சாப்பிடுகிறவனுக்கு எப்படி வந்தது? பின்னால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் பார்க்கும் ஊசிமுனைப் பரிசோதனை செய்த அலர்ஜி டாக்டரிடம் கேட்டேன். அவனுக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் எக்சிமா உண்டு, தோல் வறண்டு அரித்து வெடிக்கும். வெடித்த தோல் வழியாகவும் உடம்பு ஒரு புரதத்தை எதிரியாகப் பழகிக்கொள்ளலாம் என்றார். செக்கு நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் மிச்சமிருக்கும். நாங்கள் அதைத் தேய்த்துத்தான் குளிப்பாட்டி வந்தோம். அதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. எக்சிமா உள்ள குழந்தைக்கு என்ன எண்ணெய் தேய்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நம் சமையலில் எள்ளை ஒதுக்குவது லேசில்லை. இட்லிப்பொடி, புளியோதரை, வத்தக்குழம்பு, ஊறுகாய், எல்லாவற்றிலும் எள்ளோ நல்லெண்ணெயோ இருக்கிறது. வெளியே போனால் சிக்கி, பர்கர் பன், எள் விழுது சேர்த்த ஹம்முஸ். பாக்கெட்டை நம்பவும் முடியவில்லை. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020-இல் கொண்டுவந்த லேபிள் விதிகளில் பால், முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா எல்லாம் அலர்ஜிப் பட்டியலில் உண்டு, எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும். எள்ளையே பலகாரமாக உருட்டித் தின்கிற நாட்டில் அது பட்டியலில் இல்லாதது எனக்கு ஆறவே இல்லை. தில், சீசமி, ஜிஞ்சிலி, தஹினி, எந்தப் பேரில் இருந்தாலும் தேடிப் படிக்கிறேன்.

முலுண்ட், பெண் குழந்தையின் அம்மா:

எங்கள் பெண்ணுக்கு முட்டை அலர்ஜி. உதடு வீங்கியது, தடிப்பு வந்தது, அதோடு நின்றது. எனக்குப் பெரிய கவலை தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குப் போடுகிற எம்எம்ஆர் தடுப்பூசிதான். அதில் முட்டை இருக்கிறது, போடாதே என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் பயமுறுத்தினார்கள். முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்கும் அதைத் தாராளமாகப் போடலாம் என்று டாக்டர் சொன்னார். போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. தயவுசெய்து இதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தாராவி, ஐந்து மாதக் குழந்தையின் அப்பா:

படிக்கும்போதே கை நடுங்குகிறது அக்கா. அப்படியென்றால் எள், வேர்க்கடலை எதையும் இரண்டு வயதுவரை காட்டாமலே இருந்துவிடலாமா?

செம்பூர் அம்மா:

வேண்டாம் தம்பி, தள்ளிப்போடுவதால் பாதுகாப்பு அதிகமாகிவிடாது. 2015-இல் லண்டனில் இருந்து லீப் என்றொரு ஆய்வு வந்தது. கடுமையான எக்சிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குச் சின்ன வயதிலேயே வேர்க்கடலை கொடுத்துவந்தார்கள். ஒதுக்கி வைத்த குழந்தைகளைவிட அவர்களுக்குக் கடலை அலர்ஜி மிகவும் குறைவாகவே வந்தது. ஆறு மாதம் ஆனதும் புது உணவை ஒவ்வொன்றாக, துளியளவு, பகல் நேரத்தில் கொடுங்கள். முழுக் கடலை வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நைசாக அரைத்துக் கஞ்சியில் கலந்துவிடுங்கள். உங்கள் குழந்தைக்கு எக்சிமா இருந்தால் மட்டும் முதலில் டாக்டரைப் பாருங்கள்.