சதுர அடைப்புக்குள் ஒரு ஹைஃபன்

பகிர்வு 1
பராமரிப்புக்காக எங்களிடம் வந்த பழைய பதிவுப் படிவம் ஒன்றில், தொலைபேசி எண்ணைச் சரிபார்க்கும் ரெகெக்ஸில் (உரை எந்த வடிவில் இருக்க வேண்டும் என விவரிக்கும் குறிக்கோவை) [0-9+-.] என்ற கேரக்டர் கிளாஸ், அதாவது அனுமதிக்கப்படும் குறிகளின் தொகுப்பு, இருந்தது. எண்கள், கூட்டல் குறி, ஹைஃபன், புள்ளி ஆகியவற்றை மட்டும் அனுமதிப்பதே எழுதியவரின் நோக்கம் என்பது தெளிவு. ஆயினும், காற்புள்ளியிட்டு இரண்டு எண்களைச் சேர்த்து எழுதியவர்களையும் படிவம் தடையின்றி ஏற்றுக்கொண்டது. இரண்டு குறிகளுக்கு நடுவே நிற்கும் ஹைஃபன் ஒரு வீச்சைக் குறிப்பதால், குறிகளுக்கு எண் வழங்கும் ஆஸ்கி வரிசையில் 43ஆம் இடத்திலுள்ள கூட்டல் குறி முதல் 46ஆம் இடத்திலுள்ள புள்ளி வரை எல்லாமே உள்ளே வந்துவிட்டன. 44 காற்புள்ளி, 45 ஹைஃபன். ஹைஃபனும் அதே வீச்சுக்குள் அடங்கியதால் சோதனைகள் அனைத்தும் வெற்றி பெற்று, பிழை நெடுநாள் மறைந்திருந்தது. [0-9+.-] என ஹைஃபனைக் கடைசிக்கு நகர்த்தியதும் சரியாயிற்று. அடைப்புக்குள் புள்ளிக்கும் கூட்டல் குறிக்கும் தனிப் பொருள் இல்லையாதலால், அவற்றின் முன், சிறப்புப் பொருளை நீக்கும் பேக்ஸ்லாஷ் (\) தேவைப்படவில்லை.

பகிர்வு 2
தமிழ்ப் பெயர்களைச் சரிபார்க்கும்போது இதே ஹைஃபன் வேறு விதமாகச் சோதிக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் [அ-ஹ]+ என்பது 'கண்ணன்' என்ற பெயரில் 'கண' வரை மட்டுமே பொருந்தி, ணகரத்தின் புள்ளியில் நின்றுவிடுகிறது. ஏனெனில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் ஹகரத்திற்குப் பின்னரும், ஆய்தம் அகரத்திற்கு முன்னரும் உள்ளன. [கா-கௌ] என்று எழுதினாலோ, நாம் ஓர் எழுத்தாகக் காணும் 'கா' இரண்டு குறியெண்களாகப் பிரிந்து, துணைக்காலிலிருந்து ககரம் வரை என்ற தலைகீழ் வீச்சு உருவாவதால் பிழைச்செய்தியே கிடைக்கும். [ஃஅ-ஹா-்] சரியாக வேலை செய்கிறது. ஆனால் துணைக்கால் திரையில் ஹகரத்தோடு ஒட்டி 'ஹா' எனத் தெரிவதால், ஒரு வீச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைப் படிப்பவர் கண்டறிய முடியாது. குறியெண்களாகவே எழுதி, அருகில் விளக்கமும் சேர்ப்பதே பின்னால் வருபவருக்குச் செய்யும் நியாயம் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

பகிர்வு 3
கருவி மாறும்போது விதியும் மாறுவதைச் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன். உரையில் தேடும் கட்டளைக் கருவியான கிரெப்பின் வழக்கமான முறையில் அடைப்புக்குள் வரும் பேக்ஸ்லாஷ் வெறும் எழுத்தே, மூடும் அடைப்பைச் சேர்க்க வேண்டுமானால் []0-9] என அதை முதலிடத்தில் வைக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியிலோ [] என்பது எதற்குமே பொருந்தாத வெற்று கிளாஸாகிவிடுவதால், அங்கே மூடும் அடைப்பின் முன் பேக்ஸ்லாஷ் கட்டாயம்.