லினலூல் வாசனை காபா ஏற்பியில் வேலை செய்வது எப்படி?

கேள்வி: லாவெண்டரில் உள்ள லினலூலை முகர்ந்தால், மூளையின் பரபரப்பைத் தணிக்கும் காபா-ஏ ஏற்பி தூண்டப்படும் என்கிறார்கள். மூக்கு வழியாகவா, ரத்தம் வழியாகவா?

பதில்: சுண்டெலிகளில் மூக்கு வழிதான். 2018இல் வெளியான ககோஷிமா பல்கலைக்கழக ஆய்வில், மோப்ப உணர்வு அழிக்கப்பட்ட எலிகளுக்கு லினலூல் வாசனையால் பதற்றம் குறையவில்லை. பென்சோடையாசெபைன் வகைப் பதற்றத் தணிப்பு மருந்துகளைத் தடுக்கும் ஃப்ளூமாசெனில் என்ற மருந்தைக் கொடுத்தபோதும் பலன் நின்றுபோனது. அதாவது, காபா-ஏ ஏற்பியில் பென்சோடையாசெபைன் ஒட்டும் இடத்துக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் லினலூலே அங்கே போய் ஒட்டுகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

பதில்: சீமைச் சாமந்தியை இதோடு குழப்பிக்கொள்ளாதீங்க. அதிலுள்ள அபிஜெனின் என்ற சேர்மம் எளிதில் ஆவியாகாது. முகர்ந்து பயனில்லை, வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கணும்.

பதில்: எண்ணெய்க் குப்பியை இறுக்கி மூடுங்கள். காற்றுப் பட்டால் லினலூல் ஹைட்ரோபெராக்சைடாகிவிடும். தோலில் ஒவ்வாமை வருவது பெரும்பாலும் அதனால்தான். தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தூக்கத்துக்கான மூலிகையான வலேரியன் வேரைச் சேர்க்காதீர்கள், மயக்கம் கூடும்.